எத்தனை கட்டை? டார்ச் லைட் கேள்வி பதில்

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் டார்ச்சுக்குப் பெயரே பேட்டரிதான். உள்ளே போடுவதற்குப் பெயர் கட்டை. ‘மூன்று கட்டை பேட்டரி ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டால்தான் கடைக்காரருக்குச் சட்டென்று புரியும். சத்தியமங்கலத்தில் அப்பா ரேடியோ ரிப்பேர் செய்த அதே எட்டடிக் கடையில், அதே மர ஸ்டூலில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். ரேடியோ வருவது நின்று வெகுகாலமாகிவிட்டது. டார்ச் வருவது மட்டும் நிற்கவே இல்லை. இரவில் மோட்டார் போடப் போகிறவர்கள், காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கிறவர்கள், திம்பம் மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவர்கள் என்று எல்லோரும் ஒரு டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

‘டார்ச் பற்றிக் கேட்கலாம்’ என்று போன இதழில் ஒரு வரி போட்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: ‘எம்.ஏ.எச். அதிகமான கட்டை எது?’ எம்.ஏ.எச். என்பது மில்லி ஆம்பியர்-மணி, கட்டைக்குள் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்ற அளவு. கேள்வியே கோணல். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தாளவாடியிலிருந்து ஒரு ராகி விவசாயி: இரவெல்லாம் பரணில் காவல் இருக்கிறேன் அக்கா. இணையத்தில் 4,000 லூமென் டார்ச் ஒன்று வாங்கினேன். கூடவே வந்த கட்டையில் 9,900 எம்.ஏ.எச். என்று அச்சடித்திருக்கிறது. போட்டவுடன் பகல் மாதிரி இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் மங்குகிறது, ஐந்தாவது நிமிடம் அணைந்தே போகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி எரிகிறது. பழுது டார்ச்சிலா, கட்டையிலா?

டார்ச்சில் பழுதில்லை தம்பி. கட்டையையும் பழுது என்று சொல்ல மாட்டேன், அது பிறவியே அப்படி. உங்கள் டார்ச்சில் இருப்பது 18650 என்ற அளவுக் கட்டையாகத்தான் இருக்க வேண்டும். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சைபருக்கு உருளை என்று பொருள். இந்த அளவுக்குள் பெரிய கம்பெனிகளே பெரும்பாலும் 3,500, 3,600 எம்.ஏ.எச்.தான் அடைக்கின்றன. லிட்டர் சொம்பில் மூன்று லிட்டர் பால் கறந்தேன் என்று ஒருவர் சொன்னால் சிரிப்பீர்கள் அல்லவா? 9,900 என்று அச்சடித்தவரைப் பார்த்தும் அப்படியே சிரியுங்கள்.

நம்பாதவர்களுக்கு என் கடையில் ஒரு வேடிக்கை காட்டுவேன். பக்கத்து நகைக் கடையிலிருந்து தராசை வாங்கி வைத்து, நல்ல கட்டை ஒன்றை ஏற்றுவேன்: 47 கிராம். அடுத்து 9,900 எழுதிய கட்டை: 29 கிராம். நல்ல 18650 எதுவும் 45 முதல் 50 கிராமுக்குள்தான் நிற்கும். ஒருமுறை அப்படிப்பட்ட இலவசக் கட்டை ஒன்றை, மின்சாரம் முழுக்க வடிந்த பிறகு, கடைக்கு வெளியே மணல் வாளிக்கு மேல் வைத்து மேலுறையைப் பிரித்துப் பார்த்தேன். தகர டப்பாவுக்குள் சுண்டுவிரல் தடிமனில் இன்னொரு குட்டிக் கட்டை. சுற்றிலும் கோலமாவு மாதிரி வெள்ளைப் பொடி. எடைக்காக அடைத்திருக்கிறார்கள், அந்த எடையைக்கூட ஒழுங்காக அடைக்கவில்லை. நீங்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். உள்ளே மிச்சம் மின்சாரம் இருந்தால் தீப்பிடிக்கும். தராசு போதும்.

எடையை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. நீங்கள் விவசாயி, எளிதாகப் புரியும். எம்.ஏ.எச். என்பது தொட்டியின் கொள்ளளவு. தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் எத்தனை அங்குலம் என்பது வேறு கணக்கு. முக்கால் அங்குலக் குழாயை மாட்டிவிட்டுத் தொட்டியை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் கடைசி வரப்புக்குத் தண்ணீர் போய்ச் சேராது. கட்டைக்கு அந்தக் குழாய்தான் ஆம்பியர். தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்று ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வரம்பு உண்டு.

கணக்குப் போடலாம். லூமென் என்பது டார்ச் கொடுக்கும் மொத்த வெளிச்சம். 4,000 லூமென் உண்மையானால் அந்த எல்.இ.டி. சுமார் 40 வாட் தின்னும். கட்டையின் சராசரி வோல்ட் 3.6. நாற்பதை 3.6-ஆல் வகுத்தால் 11 ஆம்பியர். ஒரே கட்டையிலிருந்து 11 ஆம்பியர்! மட்டமான கட்டையின் உள்தடை, அதாவது மின்சாரத்தைக் கட்டை தனக்குள்ளேயே தடுக்கும் அளவு, 100 மில்லி ஓம் என்று வையுங்கள். 11 ஆம்பியர் பாயும்போது 1.1 வோல்ட் உள்ளேயே செத்துப்போகும். 4.2 வோல்டாக முழுதும் ஏற்றியிருந்தாலும் விளக்குக்குப் போய்ச் சேருவது 3.1 தான். செத்த அந்த வோல்ட் என்னாகிறது? சூடாகிறது. 12 வாட் சூடு, உங்கள் பெருவிரல் பருமனுள்ள கட்டைக்குள். உள்தடை 20 மில்லி ஓம் உள்ள நல்ல கட்டை அதே வேலையைச் செய்யும்போது இழப்பது கால் வோல்டுக்கும் குறைவு. டார்ச்சில் உள்ள சர்க்யூட், வோல்ட் இறங்கிவிட்டதைப் பார்த்துக் கட்டை காலி என்று நினைத்து விளக்கை அணைக்கிறது. சற்று ஓய்வு கொடுத்தால் வோல்ட் மேலே ஏறுகிறது, மறுபடி எரிகிறது. உங்கள் பரணில் நடப்பது இதுதான்.

ஆக, என்ன வாங்குவது? ஒரு கட்டை டார்ச், 11 ஆம்பியர் தேவை என்றால் 15 ஆம்பியராவது தாங்கும் கட்டை வேண்டும். சாம்சங் 30க்யூ, முராட்டா விடிசி6 இரண்டும் 3,000 எம்.ஏ.எச்., 15 ஆம்பியர். சாம்சங்கிலேயே 35ஈ என்று ஒன்று உண்டு, 3,500 எம்.ஏ.எச். ஆனால் 8 ஆம்பியர்தான். தொட்டி பெரிது, குழாய் சிறிது. அதிக எம்.ஏ.எச். என்று ஆசைப்பட்டு 35ஈ போட்டால் உங்கள் டார்ச்சுக்குக் குறைந்த வெளிச்சம்தான் வரும். அதே 35ஈ, 800 லூமெனில் விடிய விடிய விட்டுவிட்டு எரிக்கிற டார்ச்சுக்கு அருமையான கட்டை.

இன்னொரு விஷயம், இது கசப்பு. நல்ல கட்டை போட்டாலும் 40 வாட்டில் கால் மணி நேரத்துக்கு மேல் எரியாது. 3,000 எம்.ஏ.எச். என்பது 3 ஆம்பியர்-மணி, அதை 3.6-ஆல் பெருக்கினால் 10.8 வாட்-மணி. நாற்பது வாட் தின்றால் 16 நிமிடம். அதற்கு முன்பே சூடு தாங்காமல் டார்ச் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். உச்ச வெளிச்சம் என்பது பத்து விநாடி பார்த்துவிட்டு இறக்குவதற்கு. காவலுக்கு நடு நிலையில் வையுங்கள், இரண்டு கட்டைகளைக் கூடுதலாகப் பரணில் வைத்துக்கொள்ளுங்கள்.

யானை என்றால் மட்டும் டார்ச்சை நம்பி இறங்கிவிடாதீர்கள். எத்தனை லூமென் அடித்தாலும் ஓடி வருகிற யானை ஓடித்தான் வரும். பரணிலேயே இருந்து வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.

கோபியிலிருந்து ஒரு வாழைத்தோட்டக்காரர்: நல்ல கட்டைதான் வாங்கினேன், எடையும் சரி, மீட்டரில் 4.1 வோல்ட் காட்டுகிறது. டார்ச்சில் போட்டால் எரியவே இல்லை.

கட்டையின் தலையைப் பாருங்கள் ஐயா. தட்டையாக இருக்கிறதா, நடுவில் குமிழ் இருக்கிறதா? பல டார்ச்சுகளில் உட்புறப் பிளஸ் முனை குழிக்குள் இருக்கும். கட்டையைத் தலைகீழாகப் போட்டால் சர்க்யூட் கருகிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். தட்டைத்தலை அதைத் தொடாது. ‘குமிழ்த் தலை’ என்று கேட்டு வாங்குங்கள். சிலர் தட்டைத்தலை மேல் ஈயத்தைப் பற்றவைத்துக் கொடுக்கிறார்கள். கட்டையின் மேல் நேரடியாகச் சூட்டுக்கோல் வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. என் கடையில் செய்வதில்லை, கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த கட்டைக்கு அடியில் ஒரு சின்ன வட்டத் தகடு சேர்ந்திருக்கும். அதனால் நீளம் 65 மில்லிமீட்டருக்குப் பதில் 68, 69 என்று போகும். சில டார்ச்சில் வால் மூடி திருகாது. பலத்தைப் போட்டுத் திருகினால் ஸ்பிரிங் நசுங்கும், அல்லது அந்தத் தகடே நசுங்கும். நசுங்கிய பிறகு என்னிடம் வருவார்கள்.

பவானியிலிருந்து ஒரு வாசகி: பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள கட்டை நல்லதா, இல்லாதது நல்லதா? கடைக்காரர் ஒருவர் ‘அது எல்லாம் விலையை ஏற்றுவதற்கு’ என்கிறார்.

அவர் சொல்வதில் கால் பங்கு உண்மை. அந்தச் சர்க்யூட் மூன்று வேலை செய்யும்: அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினால் தடுக்கும், அளவுக்குக் கீழே வடிந்தால் தடுக்கும், ஷார்ட் ஆனால் அறுத்துவிடும். ஆனால் சாதாரணச் சர்க்யூட்டுகள் அதிக ஆம்பியரை ஷார்ட் என்று நினைத்து அறுத்துவிடும். அதனால் பெரிய வெளிச்ச டார்ச்சில் உச்சத்தில் போட்டவுடன் பட்டென்று அணையும். அத்தகைய டார்ச்சுகள் பலவற்றில் வோல்ட் இறங்கினால் அணைக்கிற ஏற்பாடு டார்ச்சிலேயே இருக்கும். அங்கே சர்க்யூட் இல்லாத கட்டை போடலாம்.

ஆனால் அம்மா, வீட்டில் குழந்தைகள் எடுத்து விளையாடுவார்கள், எந்த சார்ஜரில் யார் போடுவார்கள் என்று தெரியாது என்றால், கண்ணை மூடிக்கொண்டு சர்க்யூட் உள்ளதையே வாங்குங்கள். டார்ச் செய்கிற கம்பெனியே தன் பெயரில் விற்கும் கட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மேலே நான் பெயர் சொன்ன பெரிய தயாரிப்பாளர்கள் இந்தக் கட்டைகளைச் செய்வது தொழிற்சாலைகளில் பேட்டரித் தொகுப்பு கட்டுகிறவர்களுக்காக. தனிக் கட்டையாக வீட்டுக்கு விற்பதற்காக அல்ல. நமக்கு வருவது கைமாறிக் கைமாறி. அதனால்தான் போலி மேலுறை போட இத்தனை வசதி. மேலுறையின் நிறத்தையும் எழுத்தையும் நகலெடுப்பது காசு பெறாத வேலை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் கட்டையிலோ பெட்டியிலோ இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்த பிறகும் எடை போடுங்கள்.

அந்தியூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: என் தந்தை காலத்து மூன்று கட்டை பித்தளை டார்ச் இன்றும் எரிகிறது. இந்த லித்தியம் எல்லாம் எதற்கு? பழைய பெரிய கட்டை போதாதா?

போதும் ஐயா, உங்களுக்குப் போதும். மாதத்துக்கு இரண்டு முறை மின்சாரம் போகும்போது எடுக்கிற டார்ச்சுக்கு லித்தியம் தேவையில்லை. பெரிய அளவு ஆல்கலைன் கட்டை மெதுவாக எடுத்தால் ஏராளமாகக் கொடுக்கும், அலமாரியில் வருடக்கணக்கில் காத்திருக்கும். அவசரப்படுத்தினால்தான் படுத்துவிடும். மூன்று கட்டைக்கு 4.5 வோல்ட். அதிலிருந்து பத்து வாட் எடுக்க 2 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். ஆல்கலைன் அதில் மூச்சு வாங்கும், மலிவான துத்தநாக-கார்பன் கட்டை அதற்கும் முன்பே உட்கார்ந்துவிடும். என் அப்பா டார்ச்சைத் தட்டித் தட்டி எரியவைப்பார். கட்டையை வெயிலில் காயவைத்து இரண்டு நாள் கூடுதலாக ஓட்டுவார். எங்கள் வீட்டு ஓட்டின் மேல் வடகத்தோடு கட்டையும் காயும்.

உங்கள் பித்தளை டார்ச்சுக்கு ஆபத்து வேறு: ஒழுகல். பயன்படுத்தாத மாதங்களில் கட்டையைக் கழற்றி வையுங்கள். ஆல்கலைன் கட்டை ஒழுகி ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது காரம். கையில் படாமல், பஞ்சை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தொட்டுத் துடைத்து, ஈரமில்லாமல் காயவையுங்கள். அந்த டார்ச்சை மட்டும் யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

புளியம்பட்டியிலிருந்து ஒரு பால் வியாபாரி: இரண்டு கட்டை போடும் லித்தியம் டார்ச் வைத்திருக்கிறேன். ஒரு கட்டை போய்விட்டது. அதை மட்டும் புதிதாக மாற்றினால் போதுமா?

போதாது. இந்த இதழில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்கிறவர்கள் இதைப் படியுங்கள்.

ஆறேழு வருடங்களுக்கு முன்பு நானே செய்த வேலை இது. ஒருவர் இரண்டு கட்டை டார்ச் கொண்டுவந்தார். ஒன்று செத்திருந்தது. மற்றது மீட்டரில் 4 வோல்ட் காட்டியது, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். என்னிடம் இருந்த புதுக் கட்டை ஒன்றைக் கூடச் சேர்த்துப் போட்டு, எரியவிட்டு மேஜை மேல் வைத்துவிட்டு டீ குடிக்க எழுந்தேன். டீ பாதி இறங்கவில்லை, ஒரு வாடை. நெயில் பாலிஷ் வாடை மாதிரி, கொஞ்சம் இனிப்பாக. டார்ச்சைத் தொட்டேன், கை சுட்டது. யோசிக்க நேரமில்லை. துணியோடு அள்ளி வாசல் சிமென்டுத் தரைக்கு உருட்டிவிட்டேன். மூன்று எண்ணுவதற்குள் சீறியது. வால் மூடி பறந்துபோய் எதிர்க்கடை ஷட்டரில் அடித்தது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, எதிர்க்கடைக்காரர் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் காட்டுவார். அந்த நேரத்தில் வாசலில் யாரும் நிற்கவில்லை.

நடந்தது இதுதான். இரண்டு கட்டை வரிசையாக நிற்கும்போது இரண்டிலும் ஒரே மின்னோட்டம். பழையதன் தொட்டி சுருங்கிப்போயிருக்கிறது, அது முதலில் காலியாகிறது. புதியது விடவில்லை, இன்னும் தள்ளுகிறது. காலியான கட்டைக்குள் மின்சாரம் பாய்ந்து அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்கிறது. இரண்டும் சேர்ந்து காட்டும் வோல்ட் இன்னும் போதுமானதாக இருப்பதால் டார்ச்சுக்குத் தெரிவதில்லை. தண்ணீர் புகாத டார்ச் வேறு: ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய அலுமினியக் குழாய். வாயு வெளியேற வழி இல்லை. டார்ச் வெடிகுண்டாகிறது. மீட்டரில் பார்த்த 4 வோல்ட் என்னை ஏமாற்றியது. வோல்ட் தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று சொல்லும், தொட்டி எவ்வளவு பெரிது என்று சொல்லாது.

ஆகவே இரண்டையும் சேர்த்து வாங்குங்கள்: ஒரே கம்பெனி, ஒரே ரகம், ஒரே நாள். இரண்டிலும் மார்க்கர் பேனாவால் ‘அ’ என்று எழுதுங்கள். அவை தம்பதி. சேர்ந்தே சார்ஜ் ஆகட்டும், சேர்ந்தே எரியட்டும், ஒன்று போனால் மற்றதையும் ஒரு கட்டை டார்ச்சுக்கு அனுப்பிவிடுங்கள். போடும் முன் மீட்டரில் இரண்டுக்கும் 0.05 வோல்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இந்தத் தொந்தரவு வேண்டாம் என்றால் 21700 அளவில் ஒரே கட்டை போடும் டார்ச்சாக வாங்குங்கள். 21 மில்லிமீட்டர், 70 மில்லிமீட்டர், எடை 70 கிராம் அளவில் இருக்கும். மோலிசெல் பி42ஏ என்ற கட்டை 4,200 எம்.ஏ.எச்., 45 ஆம்பியர் வரை கொடுக்கும். இப்போது யார் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன். பழைய இரண்டு கட்டை டார்ச்சின் வேலையை இது தனியாகச் செய்யும்.

சென்னையிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த 18650 கட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

படிக்கும் மேஜை விளக்கு செய், சின்ன மின்விசிறி ஓட்டு, தாராளமாக. லேப்டாப் கட்டை நிதானமாக மின்சாரம் கொடுக்கப் பிறந்தது, அதுவும் ஏற்கெனவே சில வருடம் உழைத்து ஓய்வுபெற்றது. 10 ஆம்பியர் டார்ச்சில் போடாதே தம்பி. ஓய்வூதியக்காரரை மூட்டை தூக்கச் சொல்வது மாதிரி. வாங்கினால் 2 வோல்டுக்குக் கீழே காட்டுகிற எதையும் தொடாதே. வேறொரு கட்டையிலிருந்து ஒயர் பிடித்து உயிர் கொடுக்கலாம் என்று யாராவது வீடியோவில் காட்டுவார்கள். அவ்வளவு கீழே போன கட்டைக்குள் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கலாம். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகும். இன்று ஏறும், நாளை ஏறும், என்றைக்குச் சீறும் என்று சொல்ல முடியாது.

நம்பியூரிலிருந்து ஒரு பள்ளி மாணவி: என்னிடம் பென்சில் கட்டை ஒன்று போடும் சின்ன டார்ச் இருக்கிறது. அதே அளவில் லித்தியம் கட்டை பார்த்தேன். போட்டால் வெளிச்சம் கூடுமா?

கூடும், ஒருவேளை ஒரே ஒரு முறை. அந்தக் கட்டைக்குப் பெயர் 14500. பார்க்கப் பென்சில் கட்டை மாதிரியே இருக்கும். பென்சில் கட்டை 1.5 வோல்ட், இது 4.2 வரை. டார்ச்சின் பெட்டியில் 14500 என்று எழுதியிருந்தால் மட்டும் போடு கண்ணு. இல்லையென்றால் நிக்கல் கட்டை வாங்கிக்கொள். 1.2 வோல்ட்தான் என்றாலும் வேகமாகக் கொடுக்கும், நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏறும். முன்பெல்லாம் அது சும்மா இருந்தாலே வடிந்துபோகும். 2005-இல் சான்யோ கம்பெனி எனலூப் என்று ஒன்றைக் கொண்டுவந்த பிறகு அந்தக் குறை பெரிதும் தீர்ந்தது.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: பிளக்கில் நேரடியாகச் செருகிச் சார்ஜ் செய்யும் பெரிய டார்ச் வாங்கி எட்டு மாதம்தான் ஆயிற்று. உள்ளே கட்டை உப்பிவிட்டது.

அது லித்தியமாக இருக்காது. 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி, ஸ்கூட்டர் பேட்டரியின் தம்பி. அதை வடிந்த நிலையில் விட்டுவைத்தால் ஈயத் தகட்டில் உப்பு படிந்து இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. விடிய விடிய பிளக்கிலேயே தொங்கவிட்டால் வீங்கும். நீங்கள் இரண்டையும் செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். புதிது மாற்றியதும் எரித்த அன்றே சார்ஜ் ஏற்றுங்கள், எரிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை ஏற்றுங்கள். லித்தியத்துக்கு இதன் நேர் எதிர்ப் பழக்கம்: முழுக்க நிரப்பி வைத்தால் சீக்கிரம் கிழடாகும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி அளவில், 3.7 வோல்ட் அருகில், நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைப்பது கட்டையை வறுப்பதற்குச் சமம்.

கவுந்தப்பாடியிலிருந்து ஒரு வாசகி: எந்த சார்ஜர் வாங்குவது? என் கணவர் கட்டையைத் தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுத் தூங்குகிறார்.

முதலில் அதை நிறுத்துங்கள். பாய், மெத்தை, மரக்கட்டில் எதன் மேலும் கூடாது. தரையில், ஓட்டுத் துண்டின் மேல், யாராவது விழித்திருக்கும்போது. ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்கும் சார்ஜர் வாங்குங்கள். 18650-க்கு 1 ஆம்பியர் வேகம் போதும். பச்சை விளக்கு எரிந்ததும் எடுத்து மீட்டர் வையுங்கள். 4.2 காட்ட வேண்டும். 4.25-ஐத் தாண்டினால் அந்த சார்ஜர் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. முந்நூறு, நானூறு ரூபாய்க்கு மீட்டர் கிடைக்கிறது. உங்கள் கணவருக்குப் பிறந்தநாள் வந்தால் வாங்கிக் கொடுங்கள்.

பண்ணாரியிலிருந்து ஒரு கரும்பு விவசாயி: 300 மீட்டர் தாண்டிப் பன்றி நிற்பது தெரிய வேண்டும். எத்தனை லூமென்?

லூமென் பதில் சொல்லாது. அது மொத்த வெளிச்சம். தூரத்துக்கு, ஒரே திசையில் வெளிச்சம் எவ்வளவு குவிகிறது என்று சொல்லும் காண்டெலா என்ற எண்ணைப் பாருங்கள். அதன் வர்க்க மூலத்தை இரண்டால் பெருக்கினால் பெட்டியில் போடும் தூரம். 22,500 காண்டெலாவுக்கு 300 மீட்டர். ஆனால் அந்தக் கடைசி மீட்டரில் விழுவது முழுநிலா வெளிச்சம் அளவுதான். பன்றியா புதரா என்று தெரிய அதில் பாதித் தூரத்தை வைத்துக்கொள்ளுங்கள். 300-இல் தெரிய வேண்டுமென்றால் 600 போட்ட டார்ச், அதாவது 90,000 காண்டெலா. ஆழமான, வழுவழுப்பான பிரதிபலிப்பான் உள்ள டார்ச்சில் குறைந்த லூமெனிலேயே இது வரும். கட்டைக்கும் சுமை குறைவு.

முசிறியிலிருந்து ஒரு வாசகர்: துபாயில் இருக்கும் தம்பி நல்ல கட்டைகள் வாங்கி வருகிறேன் என்கிறான். விமானத்தில் விடுவார்களா?

கைப்பையில் விடுவார்கள், சரக்குப் பெட்டியில் கூடாது. ஒவ்வொன்றும் தனிப் பிளாஸ்டிக் டப்பியில் இருக்க வேண்டும். ஒரு பேட்டரிக்கு 100 வாட்-மணி வரை என்பது பொதுவான வரம்பு, 18650 ஒன்று 15-ஐக்கூடத் தாண்டாது. எத்தனை கொண்டுவரலாம் என்பதை விமான நிறுவனத்திடம் கேட்கச் சொல்லுங்கள்.

மறுபடியும் தாளவாடி, வேறொரு விவசாயி: கூடுதல் கட்டையை எப்படி எடுத்துப் போவது? நான் வேட்டி மடியில் செருகிக்கொள்கிறேன்.

மடியில் வேறு என்ன இருக்கிறது? சில்லறை, மோட்டார் ரூம் சாவி. அதுதான் வம்பு. கட்டையின் உடம்பு முழுக்க மைனஸ். தலையில் பிளஸ் குமிழைச் சுற்றி மேலுறை மூடியிருக்கும் விளிம்பும் மைனஸ்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு காகித வளையம் மட்டும். மேலுறை அங்கே கிழிந்து, சாவி குறுக்கே விழுந்தால், ஒரே நொடியில் மடியில் அடுப்பு. வாரம் ஒருமுறை தலைப்பக்க மேலுறையை நகத்தால் தடவிப் பாருங்கள். கிழிந்திருந்தால் கொண்டுவாருங்கள், சுருங்கும் பிளாஸ்டிக் உறை போட்டுத் தருகிறேன், பத்து நிமிட வேலை. பகலில் டார்ச்சைப் பையில் போடும்போது வால் மூடியைக் கால் திருகு தளர்த்தி வைத்தால் தானாக எரியாது.

இரண்டு கட்டை வைக்கும் பிளாஸ்டிக் டப்பி என் கடையில் இருக்கிறது, இருபது ரூபாய். தாளவாடியிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குச் சும்மா தருகிறேன். திம்பத்து இருபத்தேழு வளைவில் வந்தவரிடம் இருபது ரூபாய் வாங்க மனது வராது.